சாகோஸ் தீவுகள்: நாடு பிறக்கும் முன்பே தொடங்கும் ஆட்புல ஒருமைப்பாடு

1965 நவம்பர் 8 அன்று லண்டனில் ஓர் அரசாணை வெளியானது. நூற்றைம்பது ஆண்டுகளாக மொரிஷியஸ் காலனியின் சார்புப் பகுதியாக இருந்துவந்த சாகோஸ் தீவுக்கூட்டத்தை அந்த ஆணை மொரிஷியஸிலிருந்து பிரித்தெடுத்தது. சீஷெல்ஸ் காலனியிலிருந்து அல்டாப்ரா, ஃபார்குவார், டெரோஷ் ஆகிய மூன்றையும் எடுத்து சாகோஸோடு சேர்த்து, 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்று பெயரிட்டது. உலகெங்கும் காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலையாகிக்கொண்டிருந்த நேரத்தில் பிரிட்டன் புதிதாக ஒரு காலனியை உருவாக்கியது. டியேகோ கார்சியா தீவில் அமெரிக்கா ராணுவத் தளம் அமைக்க வேண்டும், அதற்கு நாளை சுதந்திரம் கேட்கப்போகிற எந்த அரசின் தலையீடும் இருக்கக் கூடாது என்பதே காரணம்.

மொரிஷியஸுக்குச் சுதந்திரம் கிடைத்தது 1968 மார்ச் 12 அன்று. அன்றைய வரைபடத்தில் சாகோஸ் இல்லை.

சட்டச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆட்புல ஒருமைப்பாடு, அதாவது ஒரு நாட்டின் நிலப்பரப்பைத் துண்டாடக் கூடாது என்ற கோட்பாடு, என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஐ.நா. சாசனத்தின் 2(4) ஆம் உறுப்பை. உறுப்பு நாடுகள் தங்கள் சர்வதேச உறவுகளில் எந்த நாட்டின் ஆட்புல ஒருமைப்பாட்டுக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராக பலத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்துவதாக மிரட்டவும் கூடாது என்கிறது அது. ஆனால் 1965இல் மொரிஷியஸ் ஒரு நாடே அல்ல, பலப்பிரயோகமும் நடக்கவில்லை. பிரிட்டன் தன் கையில் இருந்த நிலத்தை ஒரு காலனியிலிருந்து எடுத்து இன்னொரு காலனியில் வைத்தது, அவ்வளவுதான் என்று வாதாட முடியும். 2(4)ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஆப்பிரிக்க நாடுகள் 1964 ஜூலையில் கெய்ரோவில் ஏற்றுக்கொண்ட விதியும் உதவாது. சுதந்திரம் பெற்ற நாளில் எந்த எல்லை இருந்ததோ அதையே எல்லோரும் மதிப்போம் என்பது அந்த விதி. புர்கினா ஃபாசோவுக்கும் மாலிக்கும் இடையிலான எல்லை வழக்கில், 1986இல், சர்வதேச நீதிமன்றம் இதைச் சுதந்திர நாளன்று எடுத்த நிழற்படம் என்று வர்ணித்தது. மொரிஷியஸுக்கு அந்தப் படத்தை எடுத்தால் என்ன வரும்? சாகோஸ் இல்லாத மொரிஷியஸ்தான் வரும். எல்லையைக் காக்கப் பிறந்த விதி, பிரித்தவனுக்கே சாதகமாகப் போய்விடும். காலனி ஆதிக்க நாடு ஒவ்வொன்றும் சுதந்திரம் தருவதற்கு முந்தின வாரம் தனக்குப் பிடித்த துறைமுகத்தை, சுரங்கத்தை, தீவைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு மீதியை மட்டும் 'விடுதலை' செய்யலாம் என்றாகிவிடும்.

இந்த ஓட்டையை அடைப்பதற்கென்றே எழுதப்பட்டது 1960 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1514 ஆம் தீர்மானத்தின் 6 ஆம் பத்தி. ஒரு நாட்டின் தேசிய ஒற்றுமையையும் ஆட்புல ஒருமைப்பாட்டையும் முழுமையாகவோ பகுதியாகவோ சிதைக்கும் எந்த முயற்சியும் சாசனத்தின் நோக்கங்களுக்கு முரணானது என்று அந்தப் பத்தி சொல்கிறது. ஆதரவாக 89 வாக்குகள். எதிர்ப்பு ஒன்றும் இல்லை. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் உட்பட 9 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. இந்தப் பத்தியைப் பிரிவினை கோரும் இயக்கங்களுக்கு எதிரான ஆயுதமாக மட்டும் படிக்கிறவர்கள் அதன் இன்னொரு பாதியை விட்டுவிடுகிறார்கள். காலனியை ஆளுகிற நாடு அந்தக் காலனியைத் துண்டாடக் கூடாது என்பதும் அதற்குள் இருக்கிறது. சாகோஸ் விவகாரம் முழுக்க இந்தப் பாதியின் மேல்தான் நிற்கிறது.

சாகோஸ் பற்றிப் பொதுச்சபை கேட்ட கேள்விக்கு 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டபோது அது கேள்விகளை எடுத்துக்கொண்ட வரிசையைக் கவனிக்க வேண்டும். எந்தக் காலத்துச் சட்டத்தை வைத்து அளப்பது என்பது முதல் கேள்வி. 1965இல் பிரித்ததிலிருந்து 1968இல் சுதந்திரம் வரையிலான காலம் என்று நீதிமன்றம் வரையறுத்துக்கொண்டது. பிரிட்டனின் வலுவான வாதம் இந்த இடத்தில்தான் இருந்தது. 1514 ஆம் தீர்மானம் வெறும் அரசியல் அறிவிப்பு. சுயநிர்ணய உரிமை எல்லோரையும் கட்டுப்படுத்தும் வழக்காறாக, அதாவது நாடுகளின் நடைமுறையால் உருவாகும் சட்டமாக, ஆனது 1970இல் ஐ.நா. பொதுச்சபையின் நட்புறவுப் பிரகடனம் வந்த பிறகுதான். எனவே 1965இல் நாங்கள் மீறுவதற்கு விதியே இல்லை என்றது பிரிட்டன். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 1514 ஆம் தீர்மானம் ஏற்கெனவே உருவாகிவந்த வழக்காற்றை உறுதிசெய்த திருப்புமுனை என்றது. தீர்மானம் வந்த பிறகு, தன் காலனி ஆட்சியைத் தொடர்வதற்காக ஆளும் நாடு ஒரு காலனியின் பகுதியைப் பிரித்ததை ஐ.நா.வின் எந்த அமைப்பாவது சட்டபூர்வமானது என்று ஏற்றதாக ஓர் உதாரணம்கூடத் தன்முன் வைக்கப்படவில்லை என்றும் குறிப்பிட்டது. வழக்காற்றுச் சட்டத்தில் 'யாரும் ஏற்கவில்லை' என்பதற்கு எவ்வளவு எடை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கேள்வி, சுயநிர்ணய உரிமைக்கு உரிய அலகு எது, அதாவது எந்த நிலப்பரப்பை ஒன்றாகக் கொள்வது என்பது. சாகோஸ் மொரிஷியஸ் தீவிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது. 'இது எப்படி ஒரே நாடாகும்?' என்று கேட்கத் தோன்றும். சட்டம் தூரத்தை அளப்பதில்லை. ஒரே காலனியாக நிர்வகிக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கிறது. 1814இல் பிரான்ஸ் மொரிஷியஸையும் அதன் சார்புப் பகுதிகளையும் பிரிட்டனிடம் ஒப்படைத்த நாளிலிருந்து 1965 வரை சாகோஸ் அந்தக் காலனியோடுதான் இருந்தது. அதனால் மக்களின் சுயநிர்ணய உரிமை அந்த முழுப் பிரதேசத்தையும் தழுவியது என்றது நீதிமன்றம்.

அப்படியானால் ஒரு காலனியை ஒருபோதும் பிரிக்கவே கூடாதா? பிரிக்கலாம், மக்கள் விரும்பினால். பிரிட்டிஷ் கேமரூனில் 1961 பிப்ரவரியில் ஐ.நா. மேற்பார்வையில் வடக்கிலும் தெற்கிலும் தனித்தனி வாக்கெடுப்பு நடந்தது. வடக்கு நைஜீரியாவோடும் தெற்கு கேமரூனோடும் சேர்ந்தன. பசிபிக்கில் கில்பர்ட் எல்லிஸ் தீவுகள் ஒரே காலனியாக இருந்தன. 1974இல் எல்லிஸ் தீவு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிரிவதற்கு வாக்களித்தார்கள். அந்தத் தீவுகள்தான் இன்றைய துவாலு. கில்பர்ட் தீவுகள் கிரிபாட்டி ஆயின. இந்த இரண்டு பிரிவினைகளிலும் வாக்குப் பெட்டி இருந்தது. சாகோஸில் எவரும் வாக்குப் பெட்டியைக் கண்ணால் பார்க்கவில்லை.

சம்மதம் பற்றிய கேள்விக்கு வருவோம். வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. மொரிஷியஸ் தலைவர்களே 1965இல் ஒப்புக்கொண்டார்கள், கையில் காசும் வாங்கினார்கள் என்பது பிரிட்டனின் வாதம். அது முழுப் பொய் அல்ல. அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் மொரிஷியஸின் அரசியலமைப்பு மாநாடு நடந்துகொண்டிருந்தது. அதற்கு இணையாக, தனி அறைகளில், சாகோஸ் பற்றிய பேச்சும் நடந்தது. செப்டம்பர் 23 காலை பத்து மணிக்கு மொரிஷியஸ் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சனைச் சந்திப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் வில்சனின் செயலாளர் அவருக்கு எழுதிவைத்த குறிப்பு பின்னாளில் வெளியானது. ராம்கூலத்தை நம்பிக்கையைக் காட்டி அச்சுறுத்துவதே சந்திப்பின் நோக்கம் என்கிறது குறிப்பு: சுதந்திரம் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை, சாகோஸ் விஷயத்தில் இணங்கிப் போகாவிட்டால் அது கிடைக்காமல் போகலாம் என்ற அச்சம். மறுநாள் வில்சன் அதை வாயாலேயே சொன்னார். நீங்கள் சுதந்திரத்தோடும் ஊர் திரும்பலாம், சுதந்திரம் இல்லாமலும் திரும்பலாம். டியேகோ கார்சியாவை உங்கள் ஒப்புதலோடும் பிரிக்கலாம், வெறும் அரசாணையாலும் பிரிக்கலாம் என்றார். அன்று பிற்பகலே லான்காஸ்டர் மாளிகையில் கொள்கை அளவில் ஒப்புதல் பெறப்பட்டது. நவம்பர் 5 அன்று மொரிஷியஸ் அமைச்சரவை அதை உறுதிசெய்தது. மூன்றே நாளில் அரசாணை வந்துவிட்டது.

பதிலுக்குப் பிரிட்டன் தந்த வாக்குறுதிகளில் முக்கியமானவை: மூன்று மில்லியன் பவுண்டு இழப்பீடு, தீவுகளைச் சுற்றி மீன்பிடி உரிமை, கனிமமோ எண்ணெயோ கிடைத்தால் அதன் பலன் மொரிஷியஸுக்கு, பாதுகாப்புத் தேவை முடிந்ததும் தீவுகளைத் திருப்பித் தருதல்.

இந்தச் சம்மதத்தை நீதிமன்றம் எப்படி எடைபோட்டது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு மறுதரப்பின் ஆட்சிக்குக் கீழ் இருக்கும்போது அதைச் சர்வதேச ஒப்பந்தம் என்றே சொல்ல முடியாது என்றது. ஒரு காலனியின் பகுதியைப் பிரித்துப் புதிய காலனி உண்டாக்கும்போது சம்மதத்தைக் கூடுதல் கறாரோடு ஆராய வேண்டும் என்றது. அந்த அளவுகோலில் 1965இன் ஒப்புதல் மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பத்தைக் காட்டவில்லை என்று முடித்தது. எனவே மொரிஷியஸின் காலனி நீக்கம் 1968இல் சட்டப்படி நிறைவடையவே இல்லை. பிரிட்டன் சாகோஸ் நிர்வாகத்தை இயன்ற அளவு விரைவாக முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். 13 நீதிபதிகள் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. எதிர்த்த அமெரிக்க நீதிபதி டானஹியூவும், இது இரு நாடுகளுக்கிடையிலான தகராறு, பிரிட்டனின் சம்மதம் இல்லாமல் நீதிமன்றம் இதைத் தொட்டிருக்கக் கூடாது என்பதையே காரணமாகச் சொன்னார்.

அந்த ஆட்சேபணையை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டன் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பை ஏற்றுக்கொண்ட நாடுதான்; மற்ற நாடுகள் தன்மேல் தொடுக்கும் வழக்கை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டது. ஆனால் காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை விலக்கிவைத்திருக்கிறது. காமன்வெல்த்தை விட்டு விலகியாவது வழக்குப் போடுவோம் என்று மொரிஷியஸ் பேசத் தொடங்கியபோது, 2004இல் பிரிட்டன் தன் அறிவிப்பைத் திருத்தி, முன்பு காமன்வெல்த்தில் இருந்த நாடுகளையும் அந்த விலக்குக்குள் கொண்டுவந்தது. முன்வாசல் அதோடு அடைபட்டது. பிறகு மொரிஷியஸ் சுற்றி வந்த வழியைப் பார்த்தால், பொறுமையாகச் சட்டத்தை நடத்துவது எப்படி என்று புரியும். 2010 ஏப்ரலில் பிரிட்டன் சாகோஸைச் சுற்றிக் கடல் பாதுகாப்புப் பகுதியை அறிவித்து மீன்பிடிப்பைத் தடை செய்தது. மொரிஷியஸ் அதை ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோனது. 2015 மார்ச் 18 அன்று வந்த தீர்ப்பு இறையாண்மைக் கேள்வியை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், சொன்னது. ஆனால் 1965இல் தந்த மீன்பிடி, கனிம, திருப்பித் தரும் வாக்குறுதிகள் பிரிட்டனைச் சட்டப்படி கட்டுப்படுத்தும், மொரிஷியஸைக் கலக்காமல் கடல் பகுதியை அறிவித்தது மீறல் என்றும் தீர்ப்பளித்தது. அடுத்து மொரிஷியஸ் பொதுச்சபைக்குப் போனது. 2017 ஜூன் 22 அன்று 94 ஆதரவு, 15 எதிர்ப்பு, 65 ஒதுங்கல் என்ற வாக்குகளோடு பொதுச்சபையே நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்துக் கேட்டது. கேள்வியை 'இறையாண்மை யாருக்கு' என்று கேட்காமல், 'மொரிஷியஸின் காலனி நீக்கம் சட்டப்படி நிறைவடைந்ததா' என்று அமைத்தார்கள். காலனி நீக்கம் பொதுச்சபையின் சொந்த வேலை. அதற்கு உதவுவது நீதிமன்றத்தின் கடமை. வழக்கு நின்றது இந்தச் சொல்லமைப்பினால்தான் என்பது என் கணிப்பு.

ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாதே என்பார்கள். வடிவத்தில் அது சரி. 2019 மே 22 அன்று பொதுச்சபை 116 க்கு 6 என்ற வாக்கில் ஆறு மாதக் கெடு வைத்தபோதும் பிரிட்டன் அசையவில்லை. ஆனால் 2021 ஜனவரியில் ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, மொரிஷியஸுக்கும் மாலத்தீவுக்கும் இடையிலான கடல் எல்லை வழக்கில், அந்தக் கருத்துக்குச் சட்ட விளைவு உண்டு என்றது. பிரிட்டனின் உரிமைகோரல் வெறும் பேச்சளவில்தான் இருக்கிறது, ஆகவே பிரிட்டன் இல்லாமலே வழக்கு நடக்கலாம் என்றும் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் உலக அஞ்சல் ஒன்றியம், அந்தத் தீவுகளின் பெயரில் பிரிட்டன் வெளியிட்ட தபால்தலைகளை இனி ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. கட்டுப்படுத்தாத ஒரு கருத்து இப்படி ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கி பிரிட்டனின் நிலைப்பாட்டை அரித்துவிட்டது. 2022 நவம்பரில் பேச்சுவார்த்தை தொடங்கியது. 2025 மே 22 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. டியேகோ கார்சியா உட்பட முழுத் தீவுக்கூட்டத்துக்கும் மொரிஷியஸே இறையாண்மை உடையது. டியேகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டன் பயன்படுத்தும். அதற்கு ஆண்டுதோறும் பணம் தரும். இரு நாடுகளும் பின்னேற்பு (கையெழுத்துக்குப் பின் தரும் இறுதி ஒப்புதல்) அளித்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்பது அதன் சாரம்.

சாகோஸ் தீர்ப்பைத் தவறான இடத்தில் பயன்படுத்துவதும் அடிக்கடி நடக்கிறது. ஏற்கெனவே சுதந்திரமாக இருக்கும் நாட்டுக்குள் ஒரு மக்கள் கூட்டம் பிரிவு கேட்பதற்கு ஆதரவாகவோ எதிராகவோ இந்தத் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வந்தது, செர்பியாவிலிருந்து பிரிவதாக கொசோவோ வெளியிட்ட சுதந்திரப் பிரகடனம் பற்றி இதே நீதிமன்றம் 2010 ஜூலை 22 அன்று தந்த கருத்து. ஆட்புல ஒருமைப்பாடு என்ற கோட்பாடு நாடுகளுக்கு இடையிலான உறவோடு நின்றுவிடுகிறது என்று அதன் 80 ஆம் பத்தி சொன்னது. அதாவது சுதந்திரப் பிரகடனத்தைப் பொதுச் சர்வதேசச் சட்டம் தடை செய்யவில்லை. பிரிந்துபோக உரிமை உண்டு என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத் தெரிந்தே தொடாமல் விட்டது. இலங்கை பற்றிய விவாதங்களில் இரண்டு பக்கமும் கொசோவோவையும் சாகோஸையும் சேர்த்துக் குழப்புவதைப் பார்க்கிறேன். சாகோஸ், காலனியை ஆளும் நாட்டின் கையைக் கட்டுகிற விதி. கொசோவோ, 2(4) யாரைக் கட்டுப்படுத்தவில்லை என்று காட்டுகிற கருத்து. இரண்டுக்கும் கேள்வியும் வேறு, காலமும் வேறு.

இனி, இந்தக் கோட்பாடு கைவிட்டுவிட்ட மனிதர்களைப் பற்றி. சாகோஸில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மக்கள் வாழ்ந்தார்கள். தென்னந்தோப்புகளில் வேலை செய்ய அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பலர். நிரந்தரக் குடிமக்கள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால் சாசனத்தின் 73 ஆம் உறுப்பு வந்து நிற்கும். அவர்களின் நலன் பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கை அனுப்ப வேண்டிவரும். அதைத் தவிர்க்க, எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள், வந்துபோகிறவர்கள் என்று காட்டத் திட்டமிட்டார்கள். பறவைகளோடு சில 'டார்ஜான்களும்' இருக்கிறார்கள் என்று 1966 ஆகஸ்டில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அந்த மக்களைக் குறித்து எழுதினார். 1967க்கும் 1973க்கும் இடையில் ஒருவர் மிச்சமில்லாமல் அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1971இன் குடிவரவு ஆணை திரும்பி வருவதைக் குற்றமாக்கியது. சாகோஸ் மக்களின் தலைவர் ஒலிவியே பான்கூ தொடுத்த வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் 2000 நவம்பரில் அந்தத் தடையை ரத்து செய்தது. 2004இல் அரசாணைகளால் தடை மீண்டும் வந்தது. 2008இல், அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று அதை நிலைநிறுத்தியது.

ஆட்களே இல்லாத பிரதேசம் என்று வைத்திருந்ததன் விலையைத் தமிழர்களும் கொடுத்தார்கள். 2021 அக்டோபரில் நடுக்கடலில் தத்தளித்த படகில் இருந்த இலங்கைத் தமிழ் அகதிகள் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அகதிகள் உடன்படிக்கை அந்தப் பிரதேசத்துக்குப் பொருந்தாது என்பது பிரிட்டனின் நிலை. கூடாரங்களில் மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு, 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே அவர்கள் சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள் என்று தீர்ப்பளித்தது.

சுயநிர்ணய உரிமை முழுப் பிரதேச மக்களுக்கும் உரியது என்று நீதிமன்றம் சொன்னது சரி. வேறு எப்படிச் சொன்னாலும் துண்டாடுகிறவனுக்கு வழி திறக்கும். ஆனால் பிரிக்கப்பட்ட துண்டில் வாழ்ந்தவர்களுக்கு அதற்குள் தனிக்குரல் எதுவும் வைக்கப்படவில்லை. அவர்களைத் திரும்பக் குடியேற்றும் விஷயத்தை மனித உரிமைக் கேள்வி என்று சொல்லி நீதிமன்றம் பொதுச்சபையிடம் விட்டது. 1965இல் லான்காஸ்டர் மாளிகையில் சாகோஸ் மக்கள் ஒருவரும் இல்லை. 2022 முதல் நடந்த பேச்சுவார்த்தையிலும் அவர்கள் ஒரு தரப்பு அல்ல. உடன்படிக்கைப்படி மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரிஷியஸுக்கு உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு அங்கே திரும்பக் குடியேறும் வழி அதில் இல்லை. அவர்களுக்கென 40 மில்லியன் பவுண்டு அறக்கட்டளை நிதி வருகிறது. அதை நடத்தப்போவதும் மொரிஷியஸ்தான். பின்னேற்பின்போது இரண்டு நாடாளுமன்றங்களும் எழுப்ப வேண்டிய கேள்விகள் இரண்டு. குடியேற்றத்துக்குக் காலக்கெடு உண்டா? அந்த நிதியின் நிர்வாகத்தில் சாகோஸ் மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு வாக்கு உண்டா?